புல்லட் ஏன் எண்ணெய் ஒழுக்குகிறது?

செஞ்சிக் கோட்டைக்கு நீங்கள் வந்திருக்கலாம். வராதவர்கள் ஒரு முறை அவசியம் வந்து பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து, இடையில் இருந்த சமவெளியைக் கோட்டைக்குள் அடக்கியிருக்கிறார்கள். 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்த கோட்டை இது. பின்னர் மொகலாயர் பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல்தான் இதைப் பிடிக்க முடிந்தது. 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளுடன் செஞ்சியும் இடம் பெற்றது.

ராஜகிரியின் உச்சியில் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது. மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள் எல்லோரும் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் கீழே ஊரைப் பார்ப்பார்கள். சென்ற ஆண்டு என் மாணவர்களை அழைத்துச் சென்றபோது அவர்களில் ஒருவன் பீரங்கியின் வாய்க்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், குண்டு இதுக்குள்ள இறுக்கமா இருக்குமா, லூசா இருக்குமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. விடை: தளர்வாகத்தான் இருக்கும். அக்காலத்தில் குழாயைத் துல்லியமாகக் குடையத் தெரியாது. குண்டும் சரியான உருண்டை அல்ல. துருவும் கரியும் வேறு படியும். ஆகவே குண்டைக் குழாயைவிடச் சற்றுச் சிறியதாகவே வார்த்தார்கள். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி குண்டைத் தள்ளாமலே அதன் பக்கவாட்டு இடைவெளி வழியாக வெளியே ஓடிவிடும். மருந்து வீண், வேகமும் குறைவு. சுருங்கச் சொன்னால், பீரங்கி ஒழுகியது.

அன்று மாலை கீழே இறங்கியபோது, பேருந்து நிலையத்தின் அருகில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதன் எஞ்சினுக்கு நேர் கீழே தரையில் உள்ளங்கை அகலத்திற்குக் கறுப்பாக எண்ணெய். இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம்" என்று புல்லட்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். இந்த வண்டியை உருவாக்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் சின்னமும் ஒரு பீரங்கிதான் என்பது என் மாணவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பீரங்கிக்கும் இந்த எண்ணெய்க் கறைக்கும் உள்ள உறவு சின்னத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

அடைப்பது எப்படி என்ற பழைய கேள்வி

அசையும் பிஸ்டனுக்கும் அசையாத சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது எப்படி? எஞ்சின் வரலாற்றின் முதல் நூறு ஆண்டுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வரலாறுதான். 1712-இல் இங்கிலாந்தில் நியூகோமன் அமைத்த நீராவி எந்திரத்தில் பிஸ்டனைச் சுற்றித் தோல் வளையம் வைத்து, பிஸ்டனின் தலைமேல் தண்ணீரையும் நிறுத்தி வைத்தார்கள். ஒழுகினால் தண்ணீர்தான் ஒழுகும், காற்று உள்ளே போகாது. எளிமையான தந்திரம்! ஜேம்ஸ் வாட்டுக்கு இந்தத் தந்திரம் பயன்படவில்லை. சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர்; தண்ணீர் ஊற்றினால் அது குளிர்ந்துவிடும். சணல், கொழுப்பு என்று எதை எதையோ திணித்துப் பார்த்தும் நீராவி புசுபுசுவென்று வெளியேறிக்கொண்டே இருந்தது. 1769-இல் காப்புரிமை பெற்ற மனிதர், நன்றாக ஓடும் பெரிய எந்திரத்தைக் காட்ட இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அவரைக் காப்பாற்றியது பீரங்கி. ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு வார்ப்புக்காரர் 1774-இல் பீரங்கிக் குழாயைத் துல்லியமாகக் குடையும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே வழியில் வாட்டுக்கு நீராவி சிலிண்டர்களையும் குடைந்து கொடுத்தார். ஆறடி விட்டமுள்ள சிலிண்டரில் பிழை ஒரு மெல்லிய நாணயத்தின் தடிப்பைத் தாண்டவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இன்றைய கணக்கில் அது பெரிய பிழை. அன்று அது அற்புதம்.

அசையும் பாகங்களின் சிக்கல் இவ்வாறு ஓரளவு தீர்ந்தது. அசையாமல் ஒன்றோடொன்று திருகி வைக்கப்படும் இரண்டு தட்டைப் பரப்புகளின் கதை என்ன? "இரண்டும் சமதளமாக இருந்தால் சேர்த்து முடுக்கினால் போதாதா?" என்று கேட்பீர்கள். சமதளம் என்றால் என்ன, அதை எப்படி உண்டாக்குவது என்பதே அக்காலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1840-இல் அறிஞர் கூட்டம் ஒன்றில் இதற்கு வழி சொன்னார். ஒரு தகட்டை இன்னொரு தகட்டோடு ஒப்பிட்டுச் சுரண்டினால் போதாது. மூன்று தகடுகள் வேண்டும். ஏன் மூன்று? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். இரண்டே தகடுகள் என்றால் ஒன்று சிறிது குழிந்தும் மற்றது அதே அளவு குவிந்தும் இருந்துகொண்டே அழகாகப் பொருந்திவிடலாம். மூன்றாவது தகடு அவ்விரண்டோடும் பொருந்த வேண்டும் என்றால் குழிவுக்கும் குவிவுக்கும் இடமில்லை. மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். அளவுகோல் எதுவும் இல்லாமல் தர்க்கத்தால் மட்டுமே சமதளத்தைப் பிறப்பித்த முறை இது. எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த வாதங்களில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே, 1841-இல், திருகு மரைகளுக்கு முதல் பொதுத் தரத்தை முன்மொழிந்தவரும் இவரே. பழைய புல்லட்டைப் பிரிக்கப் புதிய மில்லிமீட்டர் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு போனால் பல நட்டுகளில் அவை பொருந்தாமல் வழுக்குவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அந்த நட்டுகள் விட்வொர்த்தின் வாரிசுகள்.

என்னதான் தட்டையாக்கினாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகப் பரப்பு நம் செஞ்சிக் குன்றுகளைப் போல மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மேடுகள் மேடுகளைத் தொடும். பள்ளங்கள் வழியாக எண்ணெய் நழுவும். அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்காக நடுவில் வைக்கும் மென்மையான தாளைத்தான் கேஸ்கெட் என்கிறோம். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் 'பேக்கிங்'.

ஒழுகுவதே முறையாக இருந்த காலம்

இங்கே ஒரு வேடிக்கையான செய்தி. முதல் மோட்டார் சைக்கிள்களில் எண்ணெய்க் கசிவு என்பது குறையே அல்ல, அதுவே முறை! ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒரு முறை கைப்பம்பை அமுக்கி எஞ்சினுக்குள் சிறிது எண்ணெய் விடுவார். அது உள்ளே தன் வேலையை முடித்துக்கொண்டு, பாதி எரிந்து புகையாகவும் பாதி சாலையில் சொட்டியும் போய்விடும். திரும்பி வராது. ஓட்டுபவரின் கால்சட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. அதே எண்ணெயைப் பம்பினால் சுற்றிச் சுற்றி ஓட விடும் முறை பரவிய பிறகுதான், வெளியே வரும் எண்ணெய் 'கசிவு' என்ற கெட்ட பெயரைப் பெற்றது.

ராயல் என்ஃபீல்டின் பிறப்பிடம் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். தையல் ஊசிக்குப் பெயர் போன ஊர் அது. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்ததால் வந்த பெயர் என்ஃபீல்டு. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-இல் 'புல்லட்' என்ற பெயர். நாம் இன்று பழைய புல்லட் என்று சொல்லும் வடிவம் 1949-இல் விற்பனைக்கு வந்தது. 1952-இல் இந்திய இராணுவம் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்திடம் 500 புல்லட்டுகள் கேட்டது. 1953-இன் தொடக்கத்தில் அவை கப்பலில் வந்து இறங்கின. எல்லைப் பகுதிகளின் கரடுமுரடான பாதைகளுக்கு வண்டி பிடித்துப்போகவே, 1955-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கித் திருவொற்றியூரில் ஆலை எழுப்பின. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1956-இன் இறுதிக்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் இங்கே வந்தன. சில ஆண்டுகளில் வண்டி முழுவதும் இங்கேயே உருவாயிற்று. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. எஞ்சியிருந்த ஆங்கிலத் தொழிற்சாலையும் 1970-இல் நின்றது. தாய்வீடு அழிந்த பிறகும் திருவொற்றியூரில் புல்லட் உயிரோடு இருந்தது. 1977-இல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று!

அந்த வடிவத்தோடு சேர்ந்து அதன் கசிவும் வந்து குடியேறியது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸ் இரண்டு பாதிகளால் ஆனது. புல்லட்டில், அக்கால ஆங்கில எஞ்சின்கள் பெரும்பாலானவற்றைப் போலவே, இந்தப் பிளவு மேலிருந்து கீழாக, தேங்காயை நிமிர்த்தி வைத்து வெட்டியதுபோல் ஓடுகிறது. ஆகவே இணைப்புக் கோட்டின் அடிப்பகுதி எப்போதும் எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. இதற்கென்று தனி எண்ணெய்த் தொட்டியும் கிடையாது. கிராங்க் கேஸின் பின்புறத்திலேயே ஓர் அறை, அதுவே தொட்டி. 1969-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டாவின் 750 சிசி எஞ்சினில் பிளவு கிடைமட்டமாக, எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்தது. ஜப்பானிய வண்டிகள் நிறுத்திய இடத்தைச் சுத்தமாக விட்டுச் சென்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மந்திரம் ஒன்றும் இல்லை. கோட்டை எங்கே போடுவது என்ற முடிவுதான்.

அடுத்தது காற்று. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. பள்ளிக் கணக்குப்படி கன அளவு போட்டுப் பாருங்கள், 346 க.செ.மீ. வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது தனக்குக் கீழே உள்ள காற்றையும் இதே அளவுக்கு அமுக்குகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கிராங்க் கேஸில் 2 லிட்டர் காற்று இருப்பதாகவும், அது வெளியேற வழியே இல்லை என்றும் கொள்வோம். பாயில் விதிப்படி அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு உயரும். அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.2 கிலோகிராம். கேட்க அற்பமாக இருக்கிறது அல்லவா? பக்க மூடியின் பரப்பு 150 சதுர செ.மீ. என்றால் மூடியை வெளியே தள்ளும் விசை 30 கிலோகிராம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் நொடிக்கு 50 முறை இந்தத் தள்ளல். எந்தத் தாள்தான் தாங்கும்?

இதற்காகத்தான் காற்று வெளியேற மட்டும் வழிவிட்டு உள்ளே வர விடாத ஒருவழி வால்வு ஒன்றை வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் அதை 'பிரீதர்' என்பார்கள். அது அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கினாலோ, எண்ணெய் எந்த மூலையில் இடம் கிடைக்கிறதோ அந்த மூலையில் வெளியே வரும். ஆகவே ஒரு புல்லட் ஒரே சமயத்தில் நான்கு இடங்களில் ஒழுகினால் நான்கு கேஸ்கெட்டுகளையும் திட்டாதீர்கள். முதலில் பிரீதரைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் வெப்பம். தலைப்பகுதி அலுமினியக் கலவை, சிலிண்டர் வார்ப்பிரும்பு. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 100 மி.மீ. நீளமுள்ள பகுதி 150 பாகை சூடேறினால் அலுமினியம் 0.35 மி.மீ., இரும்பு 0.17 மி.மீ. ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் நடுவில் அகப்பட்ட கேஸ்கெட் அம்மியில் அரைபடுவதுபோல் அரைபடுகிறது.

சூடு எண்ணெயையும் விட்டுவைப்பதில்லை. சாதாரண 40-ஆம் எண் எஞ்சின் எண்ணெயின் பாகுத்தன்மை, 40 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போகும்போது எட்டொன்பது மடங்கு குறைந்துவிடுகிறது. தேன் பதத்தில் இருந்தது ரசமாகிவிடுகிறது. 'காலையில் சொட்டுக்கூட இல்லை, திருவண்ணாமலை போய்வந்து நிறுத்தினால் ஒழுகுகிறது' என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

நம்பிக்கை தரும் கணக்கும் ஒன்று உண்டு. குறுகிய இடுக்கு வழியாக ஒழுகும் திரவத்தின் அளவு, இடுக்கின் அகலத்தினுடைய மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் கசிவு எட்டில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்காக்கினால் நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு! முழுமையாக அடைக்க வேண்டியதில்லை, கொஞ்சம் நெருக்கினாலே போதும். நூறு ரூபாய்க்கும் குறைவான ஒரு தாள் இத்தனை வேலை செய்வதன் இரகசியம் இந்த மும்மடிதான்.

தக்கை, அரக்கு, கல்நார்

கேஸ்கெட்டுக்கான பொருள்களின் கதை தனியே எழுதத் தக்கது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தக்கை, போர்ச்சுக்கல் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. 1665-இல் ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியில் இதைப் பார்த்துத்தான் 'செல்' என்ற சொல்லை உயிரியலுக்குக் கொடுத்தார். அந்தச் சின்னஞ்சிறு அறைகளுக்குள் காற்று. ரப்பரை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும்; தக்கை ஏறக்குறைய பிதுங்குவதே இல்லை. ஆகவே மூடியின் ஓரத்தில் வைத்து அழுத்தினால் வெளியே பிதுங்காமல் இடத்திலேயே நசுங்கி நிற்கும். புல்லட்டின் வலப்பக்க மூடியிலிருந்து கிராங்க் தண்டின் முனைக்கு எண்ணெய் புகும் இடத்திலும் ஒரு சிறு தக்கை வளையம் உண்டு. சட்டைப் பொத்தானைவிடப் பெரிதல்ல. எஞ்சினின் ஆயுள் அதன் கையில்.

அரக்கு நம் நாட்டுச் சரக்கு. பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற இடத்தில் 1924-இலேயே அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருக்கிறார்கள். அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து, கேஸ்கெட்டின் இரு பக்கமும் பூசி ஒட்டுவது உலகெங்கும் பட்டறைகளில் வழக்கமாக இருந்தது. நம் மெக்கானிக்குகள் சொல்லும் 'செல்லாக்' இதுதான். பெட்ரோலியத்தில் கரையாது, பிரிக்க வேண்டும் என்றால் சாராயத்தில் கரையும். இதைவிட வசதியான பசை வேறென்ன? சிலிகோன் பசைகள் வந்த பிறகு இது மறக்கப்பட்டுவிட்டது.

தலைப்பகுதிக்குத் தாமிரத் தகடு, அல்லது தாமிரத் தகடுகளுக்கு நடுவே கல்நார். தாமிரத்தை ஒரு முறை அழுத்தினால் கெட்டிப்பட்டுவிடும். அதைச் செந்தணலாகக் காய்ச்சி எடுத்தால் மீண்டும் மெழுகுபோல் மென்மையாகும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். தாமிரத்தைத் தோய்த்தாலும் இறுகாது. எண்ணெய்க் குழாய் முனைகளில் உள்ள தாமிர வளையங்களை மாற்றாமல், காய்ச்சியே பலமுறை பயன்படுத்தலாம்.

கல்நாரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும். பிரிட்டன் 1999-இல் இதை முற்றிலும் தடை செய்தது. புதிய கேஸ்கெட்டில் கல்நார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகளாகப் பிரிக்கப்படாத எஞ்சினில் ஒட்டியிருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. அதை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்ப்பதும், 'பூ' என்று ஊதித் தள்ளுவதும் நம் பட்டறைகளில் நான் அன்றாடம் காணும் காட்சி. பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு வயது பதினாறு, பதினேழு. எண்ணெய் விட்டு நனைத்து, மழுங்கிய தகட்டால் மெல்லச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து அப்புறப்படுத்துங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ரப்பர் வளையம் எவ்வளவு பெரிய பொருள் என்பதை உலகம் 1986 சனவரி 28 அன்று கண்டது. குளிர் மிகுந்த காலையில் ஏவப்பட்ட 'சாலஞ்சர்' விண்கலத்தின் பக்க ராக்கெட்டில், இணைப்பை அடைக்க வேண்டிய ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய்ச் சரியாக அடைக்கவில்லை. ஏழு பேர் மாண்டார்கள். இயற்பியல் அறிஞர் ஃபைன்மன் விசாரணையின்போது அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்திப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு, வெளியே எடுத்த பிறகு அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை என்று எல்லோருக்கும் காட்டினார்.

ஓர் ஓட்டையை மறந்தவன்

இத்தனையும் எழுதுகிறவன் தன் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். என் தந்தையார் செஞ்சியில் மல்லாட்டை வியாபாரம் செய்தவர். 1974-ஆம் ஆண்டு புல்லட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, சந்தைக்கும் களத்துக்கும் அதில்தான் போய்வருவார். வலப்பக்க மூடியில் ஒழுகும் எண்ணெய் அவருடைய வேட்டியைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. நான் பி.எஸ்சி. இறுதி ஆண்டு. 'இதில் என்ன இருக்கிறது?' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மூடியைக் கழற்றினேன். பழைய கேஸ்கெட் கிழிந்து துண்டு துண்டாக வந்தது. கெட்டியான காலண்டர் அட்டையை மூடியின்மேல் வைத்து, சிறு சுத்தியலால் ஓரங்களில் தட்டித் தட்டி வெட்டி எடுத்தேன். திருகுகளுக்கான ஓட்டைகள் எல்லாம் கச்சிதம். பசையும் தாராளமாகப் பூசினேன். முடுக்கி ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

புல்லட்டின் எண்ணெய்ப் பம்புகள் அந்த வலப்பக்க மூடிக்குள்தான் இருக்கின்றன. கிராங்க் கேஸிலிருந்து மூடிக்கும், மூடியிலிருந்து கிராங்க் கேஸுக்கும் எண்ணெய் போய்வரும் சிறு துளைகள் கேஸ்கெட்டின் ஊடாகவே செல்கின்றன. அவற்றில் ஒன்றை நான் வெட்டவில்லை. கேஸ்கெட் என்பது அடைப்பதற்கான தாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். திறந்துவிட வேண்டியதைத் திறந்துவிடுவதும் அதன் வேலை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

திருவண்ணாமலை சாலையில் ஆறாவது கிலோமீட்டரில் எஞ்சினுக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம். எண்ணெய் கிடைக்காத பெரிய முனைத் தாங்கி வெந்து போயிருந்தது. ஒரு சிறிய சரக்கு வண்டியில், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே புல்லட்டை ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். அப்பா திட்டவில்லை. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "ஒழுகறது நின்னுச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் நான்கு மாதங்கள் பேருந்தில்தான் சந்தைக்குப் போனார்.

அதைச் சரிசெய்து கொடுத்த வயதான மேஸ்திரி, பணத்தை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தார். புதிய பேக்கிங்கை மூடியின்மேலும் கிராங்க் கேஸின்மேலும் தனித்தனியே வைத்து, "ஓட்டையை எண்ணு தம்பி, ரெண்டு பக்கமும் எண்ணு" என்றார். பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் எடுத்தால் கையில் தட்டுவார். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்தால் அதுவும் ஓர் ஓட்டையை அடைக்கும் அல்லவா?

அவரிடம் கற்றதையும் பின்னர் நானே பட்டு அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். ஊற்று எப்போதும் கறைக்கு மேலேயும் முன்னேயும் இருக்கும். எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, சாக்பீஸ் தூளைத் தூவி, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெள்ளையில் முதலில் கறுக்கும் இடமே குற்றவாளி. வகுப்பறைச் சாக்பீஸுக்கு இதைவிட நல்ல உபயோகம் நான் கண்டதில்லை.

மூடியின் பரப்பு கோணியிருக்கிறதா என்று பார்க்க, தடித்த கண்ணாடியின்மேல் மிக நுண்ணிய உப்புத்தாளை வைத்து, மூடியை எட்டு என்ற எண் வடிவில் மெல்லத் தேயுங்கள். பளபளப்பது மேடு, மங்கியிருப்பது பள்ளம். விட்வொர்த் அருகில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருகுகளை ஒரே சுற்றில் முடுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று கோபத்தில் மேலும் முடுக்கினால் திருகுக்கு அருகில் மூடி அமுங்கி, இரு திருகுகளுக்கு நடுவே வில்போல் வளைந்து நிற்கும். கசிவு கூடத்தான் செய்யும். இடப்பக்கத்துப் பிரைமரி செயின் மூடி முழுவதையும் நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. யார் அப்படி வடிவமைத்தார்களோ, அவர் வேட்டி கட்டியவர் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

பல நாள் நிறுத்திவைத்த வண்டியைக் கிளப்பியதும் பிரீதர் வழியாக எண்ணெய் கொட்டினால் பயப்படாதீர்கள். தொட்டி அறையிலிருந்து எண்ணெய் மெல்ல மெல்லப் பம்பு வழியாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கி நின்றிருக்கும். அதற்குக் கேஸ்கெட் மாற்றுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது போன்றது. பின் சக்கரத்தை நோக்கி ஒழுகுவதை மட்டும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். டயரில் எண்ணெய் பட்ட வண்டி வளைவில் எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் உற்பத்தியிலிருந்து நின்றது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒரு காரணம். ஒழுகாத வண்டிகளைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள் இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். புதியவற்றில் ஒழுகும் வண்டியை அரிதாகத்தான் பார்க்கிறேன்.

அப்பாவின் புல்லட் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற கோடை விடுமுறையில் எல்லா கேஸ்கெட்டுகளையும் மாற்றினேன். ஓட்டைகளை மூன்று முறை எண்ணினேன். வலப்பக்கம் முழுவதும் உலர்ந்து கிடக்கிறது. இடப்பக்கத்து ஒற்றை நட்டு மூடி மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அதற்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா மூடியை வைத்து, இரவுக்கு எத்தனை சொட்டு என்று குறித்து வருகிறேன். மே மாதத்தில் பதினொன்று. ரப்பர் வளையத்தை மாற்றி, நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திய பிறகு நான்கு. நேற்று இரவு மூன்று.